சூடான என்ஜினில் விழும் ஊசி: ஒயில் பிரஷர் குறைந்தால் எதை முதலில் பார்ப்பது?

நீண்ட தூரம் ஓடிவந்த கார் சந்தியில் நிற்கும்போது, டாஷ்போர்டில் இருக்கும் ஒயில் பிரஷர் ஊசி பூச்சியத்தை நோக்கி இறங்குவதைப் போலப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவரைப் பயமுறுத்தும் காட்சி வேறில்லை. காலையில் ஸ்டார்ட் செய்தபோது ஊசி மேலே நின்றிருக்கும். வீதியில் ஓடும்போதும் குறை சொல்ல எதுவும் இருந்திருக்காது. என்ஜின் நன்றாகச் சூடேறி, அக்ஸிலரேற்றரில் இருந்து காலை எடுத்து, ஐட்லிங்கில் விடுகிற அந்த ஒரு நிலையில்தான் அது விழும். கராஜுக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: “பெயாரிங் போயிட்டுது. என்ஜினைக் கழற்றி ஓவரோல் செய்யவேணும்.”

சில வேளைகளில் அந்தப் பதில் சரிதான். ஆனால் நான் பார்த்த அளவில், எதையும் அளக்காமலேயே அது சொல்லப்பட்டுவிடுகிறது. இலங்கையில் அந்த வசனத்தின் விலையும் அதிகம். தனியார் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த ஐந்து வருடங்களில் இருக்கிற கார்களை வைத்துக்கொண்டே நாடு ஓடியது. வாங்கிய விலையைவிடக் கூடுதலான விலைக்குப் பழைய கார்கள் கைமாறின. அரிதான ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் என்ஜினைத் திறந்துவிட்டு, பெயாரிங் செற் எங்கிருந்தாவது வரும்வரை மாதக்கணக்கில் அதைத் தார்ப்பாயால் மூடி வைத்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

எனது நண்பர் ஒருவர் 2021இல் வாங்கிய 1992ஆம் ஆண்டு யூனோஸ் ரோட்ஸ்டரும் அந்த வரிசையில் சேர இருந்தது. மஸ்டா நிறுவனம் 1989இல் அறிமுகப்படுத்திய இரண்டு ஆசனக் கார் இது. ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர், அமெரிக்காவில் மியாட்டா, ஏனைய நாடுகளில் எம்எக்ஸ்-5 என்ற பெயர்களில் விற்கப்பட்டது. 2016இல் பத்து இலட்சமாவது கார் தயாரிக்கப்பட்டது. உலகில் அதிகம் விற்பனையான இரண்டு ஆசன ஸ்போர்ட்ஸ் கார் என்ற கின்னஸ் சாதனையும் இதற்கு உண்டு. நண்பரின் காரில் இருப்பது 1.6 லீற்றர் என்ஜின். கொழும்பில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏ9 வீதியால் வந்த ஒரு பயணத்தில், கிளிநொச்சி தாண்டிய பிறகு ஊசி விழத் தொடங்கியது. கொழும்பில் ஒரு கராஜ் ஏற்கனவே ஓவரோல் என்று சொல்லியிருந்தது. யாழ்ப்பாணத்தில் அதைப் பார்த்த அறுபது வயது கடந்த மெக்கானிக் ஐயா, ஸ்பானரைத் தொடுவதற்கு முன்னர் செய்தவற்றையே இந்தக் கட்டுரையில் விளக்க முனைகிறேன். காரின் பெயர் மாறலாம், பார்க்கும் ஒழுங்கு மாறாது.

அழுத்தம் எங்கிருந்து வருகிறது?

தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் வாட்டர் பம்ப்பை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயின் வாய் திறந்திருந்தால் தண்ணீர் சும்மா கொட்டும். நுனியை விரலால் பாதி அடைத்தால் சீறும். பம்ப் தருவது ஓட்டத்தை. அந்த ஓட்டத்துக்கு வழியில் கிடைக்கும் தடைதான் அழுத்தமாகிறது. என்ஜினுக்குள் அந்தத் தடையைக் கொடுப்பவை கிராங்க் ஷாப்ட்டுக்கும் பெயாரிங்குகளுக்கும் இடையிலுள்ள மெல்லிய இடைவெளிகள். புதிய என்ஜினில் அந்த இடைவெளி ஒரு மில்லிமீற்றரின் நூறில் சில பங்குதான், ஒரு தலைமுடியின் தடிப்பைவிடக் குறைவு. இவ்வாறான ஒடுங்கிய இடைவெளி வழியாக ஒழுகும் எண்ணெயின் அளவு, இடைவெளியின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். இடைவெளி இரண்டு மடங்கானால் ஒழுக்கு எட்டு மடங்கு. சிறிய தேய்மானம் ஊசியில் பெரிதாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

ஒயில் பம்ப் கிராங்க் ஷாப்ட்டோடு சேர்ந்து சுழல்கிறது. 3000 ஆர்பிஎம்மில் அது தள்ளும் ஒயிலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே ஐட்லிங்கில் தள்ளும். வேகமாகச் சுழலும்போது அழுத்தம் அளவுக்கு மீறாமல் இருக்க ஒரு ரிலீவ் வால்வு திறந்து மிகுதியைத் திருப்பி விட்டுவிடும். ஐட்லிங்கில் அந்த வால்வு மூடியே இருக்கும். அதனால் பம்ப் தள்ளுவது முழுவதும் பெயாரிங்குகளுக்குப் போயும் ஊசி உயரவில்லை என்றால், பம்ப் குறைவாகத் தள்ளுகிறது, அல்லது ஒயில் மிகவும் இளகியிருக்கிறது, அல்லது இடைவெளி பெருத்துவிட்டது. மூன்றும் சேர்ந்தும் இருக்கலாம்.

வெப்பம் செய்யும் வேலையும் பெரியது. சாதாரண என்ஜின் ஒயில் 40 பாகை செல்சியஸில் இருப்பதைவிட 100 பாகையில் ஆறேழு மடங்கு இளகிவிடும். குளிர்ந்த என்ஜினில் தேய்ந்த பெயாரிங்கையும் தடித்த ஒயில் மறைத்துவிடும். சூடேறி, ஐட்லிங்கில் நிற்கும்போதுதான் பம்ப்பின் ஓட்டமும் ஒயிலின் தடிப்பும் ஒரே நேரத்தில் ஆகக் குறைந்த நிலைக்கு வருகின்றன. ஆகவே என்ஜினின் உடல்நிலை முதலில் வெளிப்படுவதும் அந்த நிலையில்தான். அதே காரணத்தால், என்ஜினோடு சம்பந்தமில்லாத சின்னக் குறைகளும் அந்த நிலையில்தான் முதலில் தலைகாட்டும்.

இங்கே ஒரு விடயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். ரெம்பரேச்சர் ஊசி நடுவுக்கு வந்துவிட்டால் என்ஜின் சூடாகிவிட்டது என்று நினைக்கிறோம். அது காட்டுவது ரேடியேற்றர் தண்ணீரின் வெப்பத்தை. ஒயில் அதைவிட மெதுவாகவே சூடேறும். முற்றத்தில் பத்து நிமிடம் ஐட்லிங்கில் விட்டுப் பார்த்த அளவு கணக்கில் சேராது. குறைந்தது அரை மணித்தியாலமாவது வீதியில் ஓடிவந்த பிறகே பார்க்கவேண்டும். “ஒயில் சூடாக முந்திப் பார்த்த பிரஷர் ஒண்டும் கணக்கில்லைப் பிள்ளை” என்றார் ஐயா. நண்பரின் காரை அவர் முதலில் பருத்தித்துறைப் பக்கம் ஒருமுறை ஓட்டிவிட்டு வரச் சொன்னார்.

முதலில் மூக்கு

கார் திரும்பி வந்ததும் அவர் செய்த முதல் வேலை டிப்ஸ்டிக்கை இழுத்து மணந்து பார்த்தது. என்ஜினை நிறுத்திச் சில நிமிடம் கழித்து, சமதரையில் வைத்து இழுத்தார். அளவு மேல் கோட்டுக்கும் கொஞ்சம் மேலே நின்றது. மணத்தில் பெற்றோல் இருந்தது.

இந்தப் பழக்கத்துக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு வரலாறு இருக்கிறது. 1990களில் பொருளாதாரத் தடைக்குள் வடக்கில் பெற்றோல் கிடைக்காதபோது, கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல இலகுவில் ஆவியாகாது. எரியாமல் எஞ்சுவது சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு பிஸ்டன் ரிங்குகளைக் கடந்து சம்ப்புக்குள் இறங்கும். ஒயில் இளகும், பிரஷர் விழும், டிப்ஸ்டிக்கில் அளவோ கூடிக்கொண்டு போகும். “அந்த நேரம் ஒயில் குறைஞ்சால் பயமில்லை, கூடினால்தான் பயம்” என்று அவர் சொன்னது எனக்குப் புதிதாக இருந்தது. என்ஜினைத் திறந்தால் மாற்றிப் போட எதுவும் கிடைக்காத காலத்தில் தொழில் பழகியவர்கள், திறக்காமல் கண்டுபிடிக்கும் வழிகளை அப்படித்தான் சேர்த்துக்கொண்டார்கள்.

ரோட்ஸ்டருக்கும் அதேதான் நடந்திருந்தது, காரணம்தான் வேறு. 2022 எரிபொருள் நெருக்கடியில் அந்தக் கார் பல மாதம் ஓடாமல் நின்றது. பிறகு ஓடியதெல்லாம் வெள்ளவத்தைக்கும் கொள்ளுப்பிட்டிக்கும் இடையிலான குறுகிய ஓட்டங்கள். ஒரு இன்ஜெக்டர் சரியாக மூடாமல் ஒழுகிக்கொண்டிருந்தது. குறுகிய ஓட்டத்தில் ஒயில் முழுச் சூட்டுக்கு வராததால், இறங்கிய பெற்றோல் ஆவியாகிப் போகவும் வழியில்லை.

டிப்ஸ்டிக் வேறு கதைகளையும் சொல்லும். பால்கோப்பி நிறத்தில் நுரை இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, ஹெட் காஸ்கெற்றைச் சந்தேகிக்கவேண்டும். அளவு கீழ்க் கோட்டுக்கும் கீழே இருந்தால், வளைவிலும் பிரேக் பிடிக்கும்போதும் பம்ப் காற்றை உறிஞ்சும், ஊசி ஆடும். இரண்டு விரல்களுக்கு இடையில் தேய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் மினுமினுப்பு தெரிகிறதா என்பதையும் பார்க்கலாம். தெரிந்தால் அது நல்ல செய்தி அல்ல.

அடுத்து ஐட்லிங் வேகம். இந்த 1.6 லீற்றர் என்ஜினுக்கு நிர்ணயிக்கப்பட்டது 850 ஆர்பிஎம், ஐம்பது கூடிக் குறையலாம். நண்பரின் காரில் ஏசியை நிறுத்திப் பார்த்தபோது அது 650க்குக் கிட்ட நின்றது. பம்ப்பின் வேகத்தில் கால்வாசி அங்கேயே போய்விட்டது. ஒரு என்ஜின் நலமாக இருந்தும், ஐட்லிங் குறைந்திருப்பதால் மட்டும் ஊசி கீழே போகலாம். திரொட்டில் பொடியைத் துப்பரவாக்கி வேகத்தைச் சரிசெய்ய அரை மணித்தியாலம் போதும்.

ஊசி உண்மை சொல்கிறதா?

டாஷ்போர்டில் இருப்பது அழுத்தம் அல்ல, அழுத்தத்தைப் பற்றிய ஒரு மின்சாரச் செய்தி. என்ஜின் புளொக்கில் பூட்டியிருக்கும் சென்சர் அழுத்தத்துக்கு ஏற்பத் தன் மின்தடையை மாற்றுகிறது. ஊசி அதை மொழிபெயர்க்கிறது. முப்பது வருடம் வெப்பத்திலும் அதிர்விலும் கிடந்த சென்சர் பிழையாகச் சொல்வது சர்வசாதாரணம். வயர் துருப்பிடித்தாலும், எர்த் சரியில்லாவிட்டாலும் அதேதான். சென்சரின் மரையில் ரேப் தடிப்பாகச் சுற்றிப் பூட்டினால்கூட எர்த் அறுந்து ஊசி பிழைக்கும். சாவியைப் போட்டு என்ஜினை ஸ்டார்ட் செய்யாத நிலையில் ஊசி பூச்சியத்தில் நிற்கிறதா? லைற்றையும் ஃபேனையும் போடும்போது நகர்கிறதா? அக்ஸிலரேற்றரை மெல்ல மிதிக்கும்போது வழுக்கிக்கொண்டு ஏறுகிறதா, திடீரெனத் துள்ளுகிறதா? துள்ளினால் மின்சாரப் பக்கத்தையே முதலில் பாருங்கள். ஒயில் அழுத்தம் அப்படித் துள்ளாது.

எம்எக்ஸ்-5 காரர்கள் கட்டாயம் அறிந்திருக்கவேண்டிய ஒன்று இருக்கிறது. ஆரம்ப வருடக் கார்களில் இருப்பது உண்மையான பிரஷர் மீற்றர். 1995ஆம் ஆண்டு மாதிரியில் இருந்து அதே இடத்தில் அதே தோற்றத்தில் இருப்பது வெறும் சுவிட்ச்சோடு இணைந்த ஊசி. ஏறத்தாழ 7 பிஎஸ்ஐக்கு மேல் எவ்வளவு அழுத்தம் இருந்தாலும் ஊசி நடுவில் போய் நிற்கும். அதற்குக் கீழே போனால் விழும். ஊசி மேலும் கீழும் போவதைப் பார்த்துப் பயந்த வாடிக்கையாளர்களின் முறைப்பாடுதான் இதற்குக் காரணம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. எனக்கு இது ஊடகத்துறையில் படித்த பல பாடங்களை ஞாபகப்படுத்தியது. கவலை தரும் தகவலைத் தகவலோடு சேர்த்தே அகற்றிவிட்டார்கள். நடைமுறையில் இதன் பொருள் இதுதான்: பழைய மாதிரியில் ஊசி ஐட்லிங்கில் இறங்குவது ஓரளவுக்கு இயல்பு. புதிய மாதிரியில் ஊசி விழுந்தால் உடனே என்ஜினை நிறுத்தவேண்டும். இரண்டு கார்களும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோல இருப்பதால், ஒன்றின் அனுபவத்தை வைத்து மற்றதற்கு ஆலோசனை சொல்பவர்கள் நிறையப் பேர்.

சந்தேகத்தைத் தீர்க்க ஒரே வழி, சென்சரைக் கழற்றிவிட்டு அந்தத் துளையில் மெக்கானிக்கல் பிரஷர் கேஜைப் பூட்டுவது. ஒரு குழாய், ஒரு வட்ட முகம், மின்சாரம் எதுவும் இல்லை. கொழும்பில் பஞ்சிகாவத்தைப் பக்கம் தேடினால் கிடைக்கும். வாங்கும்போது மரையைக் கவனியுங்கள். ஜப்பானியக் கார்களில் பெரும்பாலும் இருப்பது எட்டில் ஒரு அங்குல பிரித்தானிய முறை மரை, அங்குலத்துக்கு 28 சுற்று. அமெரிக்க முறை மரைக்கு 27 சுற்று. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், இரண்டு சுற்று ஏறவும் செய்யும். பிறகு பலவந்தமாக இறுக்கினால் புளொக்கின் மரை நாசமாகும். ரோட்ஸ்டரில் இந்தச் சென்சர் இன்டேக் மனிபோல்டின் கீழே, ஒயில் பில்டருக்கு அருகில் இருக்கிறது. கை போவது கஷ்டம். சூடான என்ஜினில் கைவைக்காமல், ஆறவிட்டுப் பூட்டி, பிறகு மீண்டும் ஓட்டிச் சூடாக்கியே அளக்கவேண்டும். குழாய் எக்ஸோஸ்ற்றில் படாமல் கட்டப்பட்டிருக்கிறதா என்று இரண்டு தரம் பார்ப்பது நல்லது. சூடான ஒயில் எக்ஸோஸ்ற்றில் பீறிட்டால் தீப்பிடிக்கும்.

நண்பரின் காரில் டாஷ்போர்ட் ஊசி பூச்சியத்தை ஒட்டி நின்றபோது கேஜ் காட்டியது 11 பிஎஸ்ஐ. ஐட்லிங்கை 850க்குக் கொண்டுவந்தபோது 14.

எண்ணைப் படிப்பது

ஆயிரம் ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ என்பது மெக்கானிக்குகள் நீண்ட காலமாகச் சொல்லும் கைக்கணக்கு. பார் அளவில் பார்ப்பவர்களுக்கு, ஒரு பார் என்பது 14.5 பிஎஸ்ஐ. இந்தக் கணக்கு உயிர்தப்பும் எல்லையைச் சொல்கிறதே தவிர, நலமான என்ஜினின் அளவைச் சொல்வதில்லை. ஒவ்வொரு என்ஜினுக்கும் அதன் வேர்க்ஷொப் கையேட்டில் எந்த வெப்பத்தில், எந்த ஆர்பிஎம்மில் எவ்வளவு என்று இருக்கும். கடைசித் தீர்ப்பு அந்த எண்ணுக்கே. சில கையேடுகள் ஐட்லிங் அளவைச் சொல்லாமல் 1000இலும் 3000இலும் உள்ள அளவையே சொல்கின்றன. அப்படியானால் அந்த வேகங்களிலேயே அளந்து ஒப்பிடவேண்டும்.

ஒரு எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்கக்கூடாது. குளிர்ந்த ஐட்லிங், சூடான ஐட்லிங், 2000, 3000 என்று நான்கு இடங்களில் எழுதிக்கொண்டால் ஒரு வடிவம் தெரியும். சூடான ஐட்லிங்கில் மட்டும் குறைந்து, 3000இல் கையேட்டு அளவுக்கு ஏறினால், ஒயில் இளகியிருக்கலாம் அல்லது பெயாரிங் தேய்மானம் தொடங்கியிருக்கலாம். பம்ப்பும் ரிலீவ் வால்வும் பெரும்பாலும் நலம். குளிரிலும் சூட்டிலும் எல்லா வேகத்திலும் குறைவு என்றால் ரிலீவ் வால்வு திறந்த நிலையில் சிக்கியிருக்கலாம், அல்லது பம்ப் தேய்ந்திருக்கலாம். வேகம் கூடக் கூட அழுத்தம் ஏறாமல் இறங்கினால் சம்ப்புக்குள் இருக்கும் உறிஞ்சுகுழாயின் வலை அடைபட்டிருக்கிறது. கசடு அடைக்கலாம். முன்பு யாரோ சம்ப்பைக் கழற்றிப் பூட்டியபோது அள்ளிப் பூசிய சிலிக்கன் கம் உள்ளே உதிர்ந்தும் அடைக்கலாம். இது நான் கேள்விப்பட்டவற்றில் ஆகக் கவலையான வகை. திருத்த வந்தவர் விட்டுச் சென்ற கம் துண்டு ஒன்றே என்ஜினைக் கொன்றுவிடும். கேஜின் ஊசி நடுங்கிக்கொண்டே இருந்தால் பம்ப் காற்றை உறிஞ்சுகிறது.

ரோட்ஸ்டரில் 3000 ஆர்பிஎம்மில் அளவு 45 பிஎஸ்ஐயைத் தாண்டியது. அந்த வடிவத்தைப் பார்த்துத்தான் ஐயா என்ஜினைத் திறக்கவேண்டாம் என்றார். இன்ஜெக்டரைக் கழற்றித் துப்பரவாக்கி, ஒயிலையும் பில்டரையும் மாற்றி, மீண்டும் அதே பாதையில் ஓடிவந்து அளந்தோம். சூடான ஐட்லிங்கில் 21. பழைய சென்சரை மாற்றிய பிறகு டாஷ்போர்ட் ஊசியும் அதற்குக் கிட்டவே நின்றது.

கழற்றிய பில்டரை அவர் எறியவில்லை. தகரத்தை வெட்டி, உள்ளே இருந்த மடிப்புக் கடதாசியை விரித்து வெயிலில் பார்த்தார். மஞ்சளாக, செம்பு நிறமாக, வெள்ளியாக மினுங்கும் துகள்கள் இருந்தால் அதன்மேல் காந்தத்தைக் கொண்டுபோகவேண்டும். பெயாரிங்குகளின் உள்பூச்சு செம்பு, ஈயம், தகரம், அலுமினியம் போன்றவற்றால் ஆனது, அது காந்தத்தில் ஒட்டாது. ஒட்டுவது இரும்பு: பம்ப்பின் பற்கள், கேம், ரிங் முதலியவை. காசில்லாமல் செய்யக்கூடிய இந்தப் பரிசோதனை கராஜ்களில் ஏன் இவ்வளவு அரிதாக இருக்கிறது என்று விளங்கவில்லை.

சத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1998 வரையான ரோட்ஸ்டர்களில் வால்வுகளுக்கு ஒயிலால் இயங்கும் லிஃப்டர்கள் இருக்கின்றன. காலையில் அவை தட்டச்சு இயந்திரம் மாதிரி ‘டிக் டிக்’ என்று அடிப்பது பிரபலம். அதை மட்டும் வைத்து பெயாரிங் போய்விட்டது என்று சொல்லமுடியாது. பயப்படவேண்டியது கீழிருந்து வரும் கனத்த ‘டொக் டொக்’. சூட்டில் கூடும், அக்ஸிலரேற்றரை மிதித்து விடும்போது தெளிவாகக் கேட்கும். அது கேட்டால் அளக்க நினைக்காமல் என்ஜினை நிறுத்துங்கள்.

தடித்த ஒயில் என்ற திரை

ஊசி விழுந்தால் நம் ஊரில் கிடைக்கும் இரண்டாவது ஆலோசனை, “20டபிள்யூ-50 ஊத்துங்கோ, சரியாகிடும்.” ஊசி ஏறத்தான் செய்யும். எஸ்ஏஈ அளவுகோலின்படி 100 பாகையில் 30 தர ஒயிலின் தடிப்பு 9.3 முதல் 12.5 சென்டிஸ்ரோக்ஸ் வரை. 40 தரம் 16.3 வரை. 50 தரம் 21.9 வரை. முப்பதில் இருந்து ஐம்பதுக்குப் போனால் அதே தேய்ந்த இடைவெளியில் தடை ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. தேய்மானம் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இதை மோசடி என்று ஒரேயடியாகச் சொல்லவும் எனக்கு மனமில்லை. அந்தக் காலத்துக் கையேடுகள் பல, வெப்பமான நாடுகளுக்கு 20டபிள்யூ-50ஐ அனுமதித்தே இருக்கின்றன. வயதான என்ஜின் ஒன்றைத் தடித்த ஒயிலோடு இன்னும் பல வருடம் மெதுவாக ஓட்ட விரும்புவது ஒருவரின் உரிமை. ஆனால் காரணம் தெரியாமல் ஊற்றினால், அடைபட்ட வலையும் ஒழுகும் இன்ஜெக்டரும் திரைக்குப் பின்னால் தங்கள் வேலையைத் தொடரும். அடைபட்ட வலை வழியாகத் தடித்த ஒயிலை உறிஞ்சுவது பம்ப்புக்கு இன்னும் கஷ்டம். காலைக் குளிரில் நுவரெலியாவில் ஸ்டார்ட் செய்பவருக்கு லிஃப்டர்களுக்கு ஒயில் ஏறவும் தாமதமாகும். முதலில் கையேடு சொல்லும் தரத்தில் புதிய ஒயிலை ஊற்றி அளந்து எழுதிவைக்கவேண்டும். தடித்த ஒயிலுக்கு மாறுவது அதன் பிறகு எடுக்கும் முடிவு.

எல்லாம் பார்த்தும் சூடான ஐட்லிங்கில் ஒற்றை இலக்கத்திலேயே நின்றால் திறக்கத்தான் வேண்டும். ரோட்ஸ்டரில் அது சின்ன வேலையில்லை. சம்ப்பைக் கழற்ற, என்ஜினை உயர்த்தவோ முன் சப்ஃபிரேமை இறக்கவோ வேண்டும். பம்ப்பைத் தொட டைமிங் பெல்ட்டும் கழரவேண்டும். ஆகவே ஒருமுறை இறக்கினால் வலை, ரிலீவ் வால்வு, பம்ப், பெயாரிங் நான்கையும் பார்த்துவிட்டே ஏற்றவேண்டும். பெயாரிங் மூடியைக் கழற்றி, பிளாஸ்டிகேஜ் என்ற மெழுகு நூலை வைத்து இறுக்கித் திறந்தால், நசுங்கிய அகலம் இடைவெளியைச் சொல்லும. கிராங்க் ஷாப்ட்டில் நகம் தடுக்கும் கீறல் இல்லாவிட்டால் பெயாரிங் ஓடுகளை மாத்திரம் மாற்றித் தப்பலாம். கீறல் இருந்தால்தான் கிராங்க்கைக் கடைய வேண்டிவரும், முழு ஓவரோல் என்ற பேச்சும் அங்கிருந்துதான் நியாயமாகத் தொடங்குகிறது. கராஜ்காரர் அதற்கு முன்னரே அந்தச் சொல்லைச் சொன்னால், எத்தனை பிஎஸ்ஐ, எத்தனை ஆர்பிஎம்மில், எவ்வளவு நேரம் ஓடிய பிறகு அளந்தீர்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறவர்களுக்கும் இதே ஒழுங்குதான். நீங்கள் போகும்போது என்ஜின் ஆறியிருக்கவேண்டும் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். குளிர்ந்த ஸ்டார்ட்டைக் கேளுங்கள், டிப்ஸ்டிக்கை மணந்து பாருங்கள், என்ன தர ஒயில் ஊற்றியிருக்கிறது என்று கேளுங்கள். அரை மணித்தியாலம் ஓட்டுங்கள். திரும்பி வந்து ஏசியை நிறுத்தி ஐட்லிங்கில் விட்டு, ஊசியையும் ஆர்பிஎம்மையும் சேர்த்துப் பாருங்கள். 1995க்குப் பிந்திய எம்எக்ஸ்-5 என்றால் நடுவில் நிற்கும் ஊசியைக் கணக்கில் எடுக்கவேண்டாம், சொந்தமாக ஒரு கேஜ் கொண்டுபோங்கள். அதைப் பூட்டி அளக்க விற்பவர் சம்மதிக்காவிட்டால், ஓவரோல் செலவைக் கழித்துவிட்டே விலை பேசுங்கள்.